எட்டு கேட்ட கணினி

இந்தக் கதையைப் பொறுமையாகச் சொல்ல என்னால் முடியாது. நீங்களாவது பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் மாடியில் ஒரே ஒரு சர்வர், அதற்குள் எட்டுப் பிராசசர்கள். அந்த ஒரு பெட்டிக்குள் மூன்று மெய்நிகர் கணினிகள் ஓடின: பரிசோதனைக் கூடத்துக்கு ஒன்று, மருந்தகத்துக்கு ஒன்று, பில் போடும் பிரிவுக்கு ஒன்று. பார்ப்பதற்குத் தனித்தனிக் கணினிகள். உழைப்பதென்னவோ அதே எட்டுப் பிராசசர்கள்தான். சர்வரைக் கவனித்துக்கொண்ட ஷெனாஸ் ஒவ்வொன்றுக்கும் இரண்டு என்று ஒதுக்கியிருந்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

நடக்க விடுவாரா நிர்வாகி குணசீலன்? "பில்லிங்தான் நமக்குச் சோறு போடுது. அதுக்கு எட்டு குடு" என்றார். கொடுத்தாள். அந்த வாரமே பரிசோதனைக் கூடத்தின் கணினி இழுக்க ஆரம்பித்தது.

அந்தக் கணினிக்கு மென்பொருள் விற்ற தயாபரனை வரவழைத்தார்கள். வந்தவர் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க சாஃப்ட்வேருக்கு ரெண்டு பத்தாது சார், எட்டு வேணும்" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அதற்கும் எட்டு. மருந்தகம் மட்டும் சும்மா இருக்குமா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதுவும் எட்டு வாங்கிக்கொண்டது. சர்வருக்குள் இருந்தது என்னவோ பழைய எட்டுதான்.

ஷெனாஸ் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "சார், கூட்டக் கூட்ட மோசமாத்தான் ஆவுது. லேப் கம்ப்யூட்டருக்குள்ள பாத்தேன், பிராசசருக்கு வேலையே இல்ல, சும்மா கெடக்கு."

"சும்மா கெடந்தா ஏன் லேட்டாவுது? சொன்னதச் செய்யி, போ."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மற்ற இரண்டு கணினிகளையும் நிறுத்தி வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பரிசோதனைக் கூடத்தின் கணினி பறந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இடையில் ஒரு சின்ன விஷயம். மருத்துவமனை கேன்டீனில் எட்டுப் பேர் உட்காரும் ஒரே பெஞ்சு. ஒருநாள் நோயாளியைப் பார்க்க வந்த குடும்பம் ஒன்று, எட்டுப் பேரும் சேர்ந்துதான் உட்காருவோம் என்று நின்றது. ஓர் இடம் காலியானதும் தனியாக வந்தவர் யாராவது உட்கார்ந்துவிடுவார். பரோட்டா தீர்ந்தபோதும் குடும்பம் நின்றுகொண்டுதான் இருந்தது. ஷெனாஸ் பார்த்துச் சிரித்தாள்.

பிறகுதான் அது நடந்தது. சிறுநீரக நோயாளி ஒருவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம், இதயத்தையே நிறுத்திவிடும் அளவுக்கு எகிறிவிட்டது. பரிசோதனைக் கூடத்து ஜெஸ்லின் சோதனையை முடித்துவிட்டாள். கணினி அறிக்கையைக் காட்ட மறுத்தது. எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். கணினியில் அறிக்கை வராமல் மருந்து கொடுக்கக்கூடாது என்பது குணசீலன் போட்ட சட்டம். வார்டு டாக்டர் தயங்கினார். நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். அவருடைய மகன் ஜெஸ்லின் முகத்தில் ஃபைலை எறிந்தான். "ஏட்டி, எங்கப்பா சாவட்டும்னு இருந்தியா?"

நோயாளி பிழைத்துக்கொண்டார். ஜெஸ்லினின் வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. 'பணியில் மெத்தனம்' என்று குணசீலன் நீக்க உத்தரவைத் தயார் செய்துவிட்டார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. வயிறு எரிகிறது எனக்கு!

தலைமை மருத்துவர் லீலாவதி எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தார்.

"என் சாஃப்ட்வேருக்கு வேண்டியதக் கேட்டேன். அதுல என்ன தப்பு?" என்றார் தயாபரன்.

"கேட்டவங்களுக்கெல்லாம் வாரிக் குடுத்தேன். குடுத்தவன் குத்தவாளியா?" என்றார் குணசீலன்.

"எனக்குத் தெரியும். சொன்னேன். கேக்கல. அப்பறம் சொன்னதச் செஞ்சேன்" என்றாள் ஷெனாஸ்.

ஜெஸ்லின் அந்த எண் எழுதிய துண்டுச் சீட்டை மேசைமேல் வைத்தாள்.

இப்போது சொல்லுங்கள். எட்டு கொடுத்த பிறகும் அந்தக் கணினி ஏன் முடங்கியது? கேட்டவர், கொடுத்தவர், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவள், இந்த மூவரில் பெரிய குற்றவாளி யார்?

விடை: கேன்டீன் குடும்பம் நினைவிருக்கிறதா? எட்டு ஒதுக்கிய கணினி, எட்டுப் பிராசசரும் ஒரே நேரத்தில் காலியானால்தான் வேலையைத் தொடங்கும். அது அந்தப் பழைய சர்வரின் வழக்கம். மூன்று கணினிகளும் அப்படி நின்றால் ஒன்றுக்கொன்று வழிமறிக்கும். உள்ளே பார்த்தால் சும்மா இருப்பதுபோல் தெரியும். உண்மையில் இடம் கிடைக்காமல் வரிசையில் நிற்கிறது. தயாபரன் பார்க்காமல் கேட்டார், சோம்பேறி. ஷெனாஸ் ஒரு தடவையோடு விட்டாள், அதுவும் தப்புதான். பெரிய குற்றவாளி குணசீலன். இல்லாததை வாரிக் கொடுத்தார், சொன்னவளை அடக்கினார், எண்ணோடு ஓடி வந்தவளைத் தன் சட்டத்தால் தடுத்தார், பழியையும் அவள் தலையிலேயே போட்டார். லீலாவதி சொல்லி ஷெனாஸ் மூன்றுக்கும் பழையபடி இரண்டாகக் குறைத்தாள். தேங்கி நின்ற அறிக்கைகள் மளமளவென்று வந்து விழுந்தன. குணசீலன் எல்லோர் எதிரிலும் நீக்க உத்தரவைக் கிழித்தார். ஜெஸ்லினிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. எட்டு எட்டாக வாரிக் கொடுத்த மனிதருக்கு அந்த ஒரு வார்த்தையைக் கொடுக்க மனம் வரவில்லை.