தவம் போன இருவாச்சி

மழைக்காட்டில் வானளாவிய மரம் ஒன்று இருந்தது. அதன் பொந்துக்குள் பூவாயி என்ற இருவாச்சிப் பறவை தன் குஞ்சோடு அடைந்து கிடந்தது. இருவாச்சிகளின் வழக்கமே அப்படித்தான். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் பூசிக்கொள்ளும். மூக்கு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விடும். உள்ளே அதன் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

ஆண் இருவாச்சி பொன்னனுக்கு அலுத்துப் போய்விட்டது. அத்தி மரத்துக்கும் பொந்துக்குமாக ஒரு நாளைக்கு இருபது நடை! இதுவும் ஒரு பிழைப்பா என்று சலித்துக்கொண்டது.

மலைப்பாறையில் தவசி என்றொரு குரங்கு எப்போதும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டு வேளைக்கு மட்டும் கண் தானாகத் திறந்துகொள்ளும். பொன்னன் அதனிடம் போனது.

"சாமி! நாள் முழுக்கப் பழம் சுமக்கறேன். இந்த வாழ்க்கைக்கு ஓர் அர்த்தம் வேண்டாமா?"

"வயித்துப்பாட்டுக்கு அலைஞ்சா அர்த்தம் எப்படிப்பா கிடைக்கும்? எல்லாத்தையும் விட்டுட்டு இங்க வந்து உட்காரு!"

மறுநாள் விடிந்ததும் பொன்னன் பாறையில் உட்கார்ந்துவிட்டது. பொந்துப் பக்கம் போகவே இல்லை.

"கண்ணை மூடினா என்ன தெரியுது?" என்று கேட்டது குரங்கு.

"ஒரு பொந்து தெரியுது சாமி!"

"அதை விரட்டு!"

"விரட்டிட்டேன், திரும்பி வந்துடுச்சு! இப்போ அதுலேருந்து ஒரு மூக்கு வேற நீட்டிக்கிட்டு இருக்கு!"

உச்சிப்பொழுதுக்கு மேல் பொன்னனால் தாங்க முடியவில்லை. எழுந்து பறந்தது. வழியில் அவசர அவசரமாகத் தொண்டை நிறைய அத்திப்பழம் அடைத்துக்கொண்டது. மரத்தை நெருங்கியபோது, பொந்து வாசலில் ஒரு மரநாய் தொற்றிக்கொண்டிருந்தது!

"பூவாயி! உன் புருஷன் ஓடிட்டான்! காலையிலேருந்து ஒரு பழமாவது வந்துச்சா? கதவை உடைச்சுட்டு வா, நான் சோறு போடறேன்!"

கதவு உடைந்தால் தாயும் குஞ்சும் அதன் வாயில்தான்.

உள்ளிருந்து பூவாயியின் குரல் பசியில் தேய்ந்து வந்தது. "அவரை நம்பித்தான் இந்தக் கதவைப் பூசினேன். ஒரு நாள் பட்டினிக்காக உடைக்க மாட்டேன். வந்துருவாரு, நீ போ!"

பொன்னன் பாய்ந்து கொத்திய கொத்தில் மரநாய் தலைதெறிக்க ஓடியது.

"என்னங்க, வெளியே பெருமழையா? அதான் இவ்வளவு நேரமாச்சா?" என்றது பூவாயி.

பொன்னனுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "மழையில்லை பூவாயி. வாழ்க்கைக்கு அர்த்தம் தேடித் தவம் பண்ணப் போனேன்."

"அடக் கடவுளே! அதுக்கு மலைக்கா போகணும்? இந்த இருட்டுல உங்க மூக்கு உள்ளே வர்றப்பத்தான் எனக்குப் பொழுதே விடியுது!"

பொன்னனுக்குக் கண் கலங்கிவிட்டது. கொண்டுவந்த பழத்தை ஒவ்வொன்றாக ஊட்டியது. பிறகு மூச்சுகூட வாங்காமல் அடுத்த நடைக்குக் கிளம்பியது.

நம்மை நம்பி ஓர் உயிர் காத்திருக்கும்போது, அதற்காக அன்றாடம் படும் பாடே நாம் செய்யும் தவம்.