ஒரு எலுமிச்சை தூரம்

கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு தோட்டத்து ஷெட்டில், ஒரு காலத்தில் இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. ஒன்று இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்த சிவப்பு மோட்டார் சைக்கிள். மற்றது பால் கேன் சுமக்கும் பழைய மொபெட். சிவப்பு வண்டியின் மேல் எப்போதும் ஒரு துணி உறை இருக்கும். மொபெட்டின் மேல் எப்போதும் புழுதி இருக்கும்.

அங்கே மூன்றாவதாக ஒருவன் இருந்தது யாருக்கும் தெரியாது. சிவப்பு வண்டியின் இன்ஜினுக்குள், ஒரு கறுப்பு மூடிக்குப் பின்னால், பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று வளைந்து கிடந்தது.

பெல்ட்டுக்கு இருந்தது ஒரே வேலை. இன்ஜினுக்குள் ஒரு சின்ன அறை உண்டு. கீழிருந்து பிஸ்டன் மேலே வரும். மேலிருந்து வால்வு கீழே இறங்கும். இரண்டும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். ஆனால் ஒரே நேரத்தில் வரக்கூடாது. ஒன்று வரும்போது மற்றது விலகியிருக்க வேண்டும். யார் எப்போது வரலாம் என்று முறை வைத்து நடத்துவது பெல்ட். அவன் ஒரு பல் தவறினால் போதும், இரண்டும் முட்டிக்கொள்ளும். முட்டினால் இன்ஜின் அதோடு சரி.

பெல்ட்டுக்கு ஒரு பழக்கமும் இருந்தது. இருட்டுக்குள் கிடந்தபடியே நாள் எண்ணுவான். விடியற்காலையில் மொபெட் இருமி, கனைத்து, பால் சொசைட்டிக்குக் கிளம்பும் சத்தம் கேட்டால் அது ஒரு நாள். அப்படி எண்ணி எண்ணி, அந்த ஆயுத பூஜை அன்று ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறுக்கு வந்திருந்தான்.

அத்தனை நாளில் வண்டி ஓடியது முதல் வருஷம் மட்டும்தான்.

வண்டியின் சொந்தக்காரர் மருதாசலம் பம்ப்செட்டுக்கு உதிரி பாகம் செய்து விற்கிறவர். இருபது வயதில் பார்த்த ஒரு வண்டிப் படத்தை இருபத்தைந்து வருஷம் மனசுக்குள் மாட்டி வைத்திருந்து, பிறகு வாங்கிய வண்டி அது. முதல் வருஷம் மூன்று தடவை வால்பாறை போய்வந்தார். அடுத்த வருஷம் மெக்கானிக் ஜாபர் வந்து, சர்வீசுக்கு இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகையைச் சொன்னான். மருதாசலம் பக்கத்திலிருந்த தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏனப்பா ஜாபரு, அந்தக் காசுக்கு ரெண்டு கறவை மாடு கட்டலாமப்பா!”

“கட்டலாமுங்ணா. ஆனா மாட்டுக்குப் பெல்ட்டு மாத்த வேண்டியதில்லீங்களே. இது இத்தாலியில இருந்து வரோணும். வந்தாலும் பாதி இன்ஜினப் பிரிச்சாத்தான் உள்ள கை போகும்.”

மருதாசலம் ராத்திரி முழுக்க யோசித்து, காலையில் தெளிவாக எழுந்தார். “ஓட்டுனாத்தானே சர்வீசு? ஓட்டாம நிறுத்தி வெச்சா எதுக்குச் செலவு?” என்றார் மனைவி கோகிலத்திடம். அன்றைக்கே வண்டிக்கு அளவெடுத்து உறை தைக்கக் கொடுத்தார்.

அதன்பிறகு ஆயுத பூஜைக்கு மட்டும் உறை கழன்றது. குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். ஸ்டார்ட் செய்து, பழத்தை நசுக்கி, நாலடி நகர்ந்து, போட்டோ எடுத்துக்கொண்டு, மறுபடி உறை.

“வருசத்துக்கு ஒரு எலுமிச்சம்பழ தூரம் போறதுக்கு இத்தன சோடிப்பா அம்மணி?” என்று மொபெட் கேட்கும். சிவப்பு வண்டி மூக்கைச் சுளிக்கும். பால் வாடை அடிக்கிறவர்களோடு பேசி அதற்குப் பழக்கமில்லை.

அன்று காலை வாசலில் ஹோஸ் பைப் திறக்கும் சத்தம் கேட்டதும் பெல்ட் தன் உடம்பைச் சோதித்துப் பார்த்தான். வருஷக்கணக்கில் ஒரே வளைவில் கிடந்து அவன் உடம்பு அந்த வளைவாகவே இறுகிப் போயிருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய வெடிப்புகள். அவற்றில் ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டதை, அந்தக் காலையில்தான் அவன் உணர்ந்தான்.

“அம்மா,” என்றான் சிவப்பு வண்டியிடம். “இன்றைக்கு நீங்கள் ஸ்டார்ட் ஆகக்கூடாது.”

“விளையாடுகிறாயா? ஊரே வந்திருக்கிறது.”

“முதல் சுற்றிலேயே என் பல் உதிரும். வால்வும் பிஸ்டனும் முட்டும்.”

“நாம் ஓடவே இல்லையே. ஓடாதவனுக்கு எப்படித் தேய்மானம் வரும்?”

“ஓடினால் தேய்வேன் அம்மா. நின்றால் காய்வேன்.”

வெளியே தண்ணீர் நின்றது. சிமெண்ட் வாசல் முழுக்க ஈரம். கோகிலம் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். அவள் அண்ணன் வெள்ளிங்கிரியும், பங்காளி வீட்டு ஆட்கள் நாலைந்து பேரும் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்கள்.

“மக்கர் செய்வது எங்கள் குலத்தில் கிடையாது,” என்றது சிவப்பு வண்டி. ஆனால் குரலில் பழைய கெத்து இல்லை.

“எங்க குலத்துல அதுதான் பொழப்பே,” என்றது மொபெட். “மாசத்துக்கு ரெண்டு வாட்டி நடுரோட்டுல நின்னுபோடுவேன். கோகிலாம்மா திட்டிக்கிட்டே பிளக்கக் கழட்டித் தொடைக்கும், ஆயில் பாக்கும், செயினத் தட்டிப் பாக்கும். நீ வாயத் தொறக்காம மினுமினுன்னு நிக்கற, உனக்கு உள்ள என்ன ஆச்சுன்னு எவன் பாத்தான்? வாயுள்ள புள்ளதான் பொழைக்கும் அம்மணி.”

“உனக்கென்ன, உன்னை விற்றாலும் வாங்க ஆளில்லை. போன வருஷம் அந்த வெள்ளிங்கிரி என்ன சொன்னான்? ‘வித்துப்போடுங்க மாப்ள’ என்றானே! இன்றைக்கு நின்றுவிட்டால் நாளைக்கே என்னை விற்று லாரியில் ஏற்றிவிடுவார்கள்.”

பெல்ட் மெதுவாகச் சொன்னான். “நான் எனக்காகக் கேட்கவில்லை அம்மா. நீங்கள் ஓடினால் நான் அறுந்துபோவேன். நின்றால் மூடியைத் திறந்து என்னைக் கழற்றி எறிவார்கள். எப்படிப் பார்த்தாலும் என் கணக்கு முடிந்தது. உங்கள் கணக்கு முடிய வேண்டியதில்லை.”

வண்டியின் நெற்றியில் கோகிலம் சந்தனம் வைத்தாள். மாலை விழுந்தது. கற்பூரம் காட்டினார்கள். மருதாசலம் குனிந்து இரண்டு சக்கரங்களுக்கு முன்னாலும் ஒவ்வொரு பழம் வைத்தார்.

“என்ன பெரிய ரகசியம் பேசறீங்க?” என்றது முன்சக்கரத்து எலுமிச்சை. “சீக்கிரம் சொல்லுங்க, எங்களுக்கு அரை நிமிசந்தான்.”

மொபெட் விஷயத்தைச் சொன்னது.

“நாங்க என்ன பண்ணோணும்?”

“நீ என்ன சாமி பண்ண முடியும், நசுங்கறதத் தவிர?”

“அது எனக்கு நல்லா வரும்,” என்றது எலுமிச்சை.

மருதாசலம் ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டை எடுத்தார். சாவி திரும்பியது. விளக்குகள் எரிந்தன. யாரோ போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். கட்டைவிரல் பட்டன்மேல் போய் உட்கார்ந்தது. பெல்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அந்தக் கடைசி நொடியில் சிவப்பு வண்டி, ஸ்டாண்டு கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற சுவிட்சைக் கூப்பிட்டது. “கீழேதான் இருக்கிறது என்று சொல்லிவிடு.”

“பொய்யா?” என்றது சுவிட்ச்.

“பொய்தான்.”

டிக். அவ்வளவுதான். ஸ்டாண்டு இறங்கியிருக்கிற கணக்கில், ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகவில்லை.

மருதாசலம் மறுபடி அழுத்தினார். டிக். படம் பிடித்தவர் போனை இறக்கினார். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

“ஏன் மாப்ள, இத்தாலிக்காரிக்கு வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்டாத்தான் வருவாளாட்டம் இருக்குது?” என்றார் வெள்ளிங்கிரி.

மருதாசலத்துக்குக் காது சிவந்தது. மூன்றாவது முறையும் டிக். பெல்ட் மூச்சை விட்டான். சிவப்பு வண்டி தலையைத் திருப்பிக்கொண்டது. வாழ்நாளில் முதல் அவமானம். ஆனாலும் உயிர் இருக்கிறது.

“விடுங்க மாப்ள, தள்ளி ஸ்டார்ட் பண்ணிப்போடலாம்,” என்று வெள்ளிங்கிரி வேட்டியை மடித்துக் கட்டினார். “ரெண்டாவது கியர்ல போட்டுக் கிளட்ச்சப் புடிச்சுக்கோங்க. நான் சொல்றப்ப விட்டுப்போடுங்க. சக்கரம் இன்ஜினச் சுத்துச்சுன்னா தானா வந்துரும்.”

பெல்ட்டுக்கு ஆபத்து புரிந்தது. ஸ்டார்ட் ஆக வேண்டியதே இல்லை. இன்ஜின் சுற்றினாலே போதும், பல் உதிர்ந்துவிடும்.

“அம்மா!”

“இனி என் கையில் ஒன்றுமில்லையடா,” என்றது சிவப்பு வண்டி.

“ஏனுங்க, வேண்டாமுங்க,” என்றாள் கோகிலம். யார் காதிலும் விழவில்லை. நாலு பேர் பின்னால் கை வைத்தார்கள். “ஐலேசா!”

பின்சக்கரத்துப் பழம் நசுங்கித் தெறித்தது. முன்சக்கரமும் உருண்டது. அதன் கீழிருந்த எலுமிச்சை படீரென்று வெடித்து, ஈர சிமெண்டில் கூழாகப் பரவிக் கிடந்தது. வண்டி அதைத் தாண்டி வேகமெடுத்தது. பின்சக்கரம் அந்தக் கூழை நோக்கி வந்தது.

“இப்ப விடுங்க மாப்ள!”

மருதாசலம் கிளட்ச்சை விட்டார்.

பின்சக்கரம் அந்த நொடியில் எலுமிச்சைக் கூழின்மேல் இருந்தது. இன்ஜின் அதைப் பிடித்து இழுக்க, தரையில் பிடிமானம் கிடைக்காமல் சக்கரம் சுற்றாமலே சர்ரென்று வழுக்கியது. உள்ளே பிஸ்டன் ஒரு விரல்கடை மேலே ஏறியது. வால்வு இறங்கத் தொடங்கியது. பெல்ட் மிச்சமிருந்த பற்களையெல்லாம் கடித்துக்கொண்டு தொங்கினான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி, ஒரு முடி இடைவெளியில், நின்றன.

வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. மருதாசலம் காலை ஊன்ற, வெள்ளிங்கிரி பாய்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். விழவில்லை.

“போதுமுங்க!” கோகிலத்தின் குரல் இந்த முறை எல்லார் காதிலும் விழுந்தது. “வண்டி மாட்டேன் மாட்டேங்குது. நீங்க அது வாயில கையக் கொடுத்துப் பிடுங்கறீங்க. இது பம்ப்செட்டா, ரெண்டு தட்டு தட்டுனா வர்றதுக்கு? ஜாபரக் கூப்புடுங்க.”

வெள்ளிங்கிரி பொரிகடலை சாப்பிடப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஜாபர் வந்து கறுப்பு மூடியைத் திறந்தான். நான்கு வருஷத்துக்குப் பிறகு பெல்ட்டின்மேல் வெளிச்சம் பட்டது. ஜாபர் அவனை விரலால் லேசாக வளைத்தான். மூன்று பற்கள் உதிர்ந்து கீழே விழுந்தன.

ஜாபர் அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். பிறகு, “அண்ணா, அன்னிக்கு ஒரே ஒரு சுத்து சுத்தியிருந்தாலும் இன்ஜினப் பழைய இரும்புக்குத்தானுங்க போட்டிருக்கோணும்,” என்றான்.

“நாந்தான் ஓட்டவே இல்லையேப்பா!”

“ஓடற வண்டிக்குக் கிலோமீட்டருங்ணா. நிக்கற வண்டிக்கு வருசம். எது முன்னால வருதோ அதுதான் கணக்கு.”

கணக்கு அதோடும் நிற்கவில்லை. ஆயில் கூழாகிவிட்டது, சீல்கள் சுருங்கிவிட்டன, நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகிவிட்டது. ஜாபர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இரண்டு கறவை மாடு நான்கு கறவை மாடாக வளர்ந்தது. மருதாசலம் மறுபடி தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். ஆனால் கொடுத்தார்.

ஒரு மாதத்தில் இத்தாலியிலிருந்து புது பெல்ட் வந்தான். கறுகறுவென்று, வாசனையோடு, ஒரு வெடிப்பும் இல்லாமல். ஜாபர் மூடியை முடுக்கிப் பட்டனை அழுத்தியதும் சிவப்பு வண்டி உறுமிய உறுமலில் தென்னைமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பின. ஜாபர் மெயின் ரோடு வரை போய்த் திரும்பி வந்தான். “இப்படியும் ஒரு காற்று இருந்தது என்பதே மறந்துபோயிருந்தேன்,” என்றது வண்டி. மருதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“இனி டெய்லி எடுப்பீங்க போல!” என்று சிரித்தபடி ஜாபர் கிளம்பினான்.

அவன் போனதும் மருதாசலம் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். டேங்கில் பட்டிருந்த தூசியைத் துண்டால் துடைத்தார். பிறகு உறையை எடுத்தார்.

“ஏனுங்க?” என்றாள் கோகிலம்.

“இத்தன செலவு பண்ணியிருக்குது. பொள்ளாச்சி ரோட்டுல எவனாவது ஒரு கீறல் போட்டுட்டுப் போனா என்ன பண்றது? அடுத்த ஆயுத பூசைக்கு எடுத்துக்கலாம்.”

“அப்ப அந்தக் காச எதுக்குங்க கொடுத்தீங்க?”

மருதாசலம் உறையின் கயிற்றை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டார்.

கோகிலம் தரையில் கிடந்த பழைய பெல்ட்டை எடுத்து இழுத்துப் பார்த்தாள். பல் போனாலும் உள்ளே நார் கெட்டியாக இருந்தது. கத்தியால் ஒரு வெட்டு வெட்டி, மொபெட்டின் கேரியரில் பால் கேனைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் விடியற்காலை மொபெட் இருமியது, கனைத்தது.

“போலாமா தம்பி?” என்றது.

பழைய பெல்ட் பால் கேனை இறுகப் பிடித்துக்கொண்டான். இரண்டு பக்கமும் தென்னை ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் பனிக்காற்று அடித்தது. இப்படி ஒன்று இருப்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஷெட்டுக்குள், உறைக்கு அடியில், கறுப்பு மூடிக்குப் பின்னால், தேய்ந்து மறையும் மொபெட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த புது பெல்ட் தனக்குள் சொல்லிக்கொண்டான்:

“ஒன்று.”