தெரிகிற நிறம்

திருச்சி தில்லைநகரில் ஹமீதா கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரும் கடை வைத்திருந்தாள். அவளிடம் தொழில் கற்க வந்த எஸ்தர் அவளைவிட மூத்தவள். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், அதனால் வந்தாள். ஹமீதா அவளை அக்கா என்பாள். எஸ்தர் அவளை டீச்சர் என்பாள்.

மழை விடாத ஒரு மதியம் கலியமூர்த்தி என்பவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் பெயர் அகல்யா. கல்லூரியில் படிக்கிறாள். வாசல் படியில் தடுமாறி, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டர் கேட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் மாட்டியாகிவிட்டது. நினைவகமான ரேம் மட்டும்தான் பாக்கி.

"லைட் எரியிறது வேணும்," என்றாள் அகல்யா.

"லைட் எதுக்கும்மா?" என்றார் அப்பா. பிறகு ஹமீதாவிடம் திரும்பினார். "எந்த ரேம் பெருசோ அதைப் போடுங்க. இவளுக்கு விழித்திரையில நோய். பார்வை ஓரத்துலேர்ந்து சுருங்கிட்டே வருது. மருந்து இல்லைன்னுட்டாங்க. நாளைக்கு எழுத்தைப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர் எல்லாம் இதுலதான் ஓடணும்."

லைட்டும் பெரிய அளவும் சேர்ந்த ரேம் வாங்க அவருக்கு வசதியில்லை.

எஸ்தர் அவர் பக்கம் பேசினாள். "அப்பா சொல்றது சரிதான், பாப்பா. லைட்டால வேகம் கூடாது. வெறும் அலங்காரம்."

ஹமீதா லைட் உள்ள ரேமை ஒரு போர்டில் மாட்டினாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடை விளக்கை அணைத்தாள். இருட்டானதும் அகல்யாவின் கை மேசை விளிம்பைத் தேடியது. அவள் தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பினாள். எதையோ துழாவுவது போலிருந்தது. பிறகு நின்றாள்.

"இருக்கு."

"என்ன நிறம்?"

"பச்சை. இல்ல... பச்சைதானே?"

எரிந்தது நீலம். எஸ்தர் வாயைத் திறந்தாள். ஹமீதா வேண்டாம் என்று தலையசைத்து, நிறத்தை மாற்றினாள்.

"இது?"

"ஆரஞ்சு!" அகல்யாவின் முகம் மலர்ந்தது. "இது நல்லா தெரியுது."

"இதை எங்க வைப்பே?"

"கட்டிலுக்கு எதிர்த்தாப்புல. காலையில கண் முழிச்சதும் இது தெரியுதான்னு பார்ப்பேன்." அப்பா பக்கம் திரும்பிச் சொன்னாள்: "என்னைக்குத் தெரியலையோ, அன்னைக்கு நானே சொல்றேன்ப்பா. அப்ப நீ சொன்னதை வாங்கிக்கலாம்."

கலியமூர்த்தி வெளியே பார்த்தார். மழையைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றினார்.

"அவ கேட்டதையே போடுங்க," என்றார்.

ஹமீதா விளக்கைப் போட்டாள். ரேமைக் கம்ப்யூட்டரின் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, ஆரஞ்சு நிறத்தை நிலையாக வைத்தாள். பக்கத்திலிருந்த காலி இடங்களைக் காட்டி, "பின்னாடி வேணும்னா இதுல சேர்த்துக்கலாம் சார்," என்றாள். அவர் தலையாட்டினார். ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள் அகல்யா. ஆட்டோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது.

எஸ்தருக்கு வேலை ஓடவில்லை. ஒயர்களைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. நீங்க செஞ்சது எனக்குச் சரியாப் படலை."

"சொல்லுங்கக்கா."

"பெத்தவர் நாளையை நினைச்சுக் கேட்டார். அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, ஆசையில கேட்டுச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருக்கும்."

"கேட்டிருக்கும்."

"நீலத்தைப் பச்சைங்குது. அந்த ஆரஞ்சு மட்டும் எத்தனை நாளைக்கு?"

"தெரியாது."

"அப்பா சொன்ன ரேம் அந்தப் பொண்ணுக்குத் தேவைப்படுமா, படாதா?"

"கண்டிப்பா தேவைப்படும்."

"அப்புறம் ஏன் டீச்சர்?"

ஹமீதா மேசைமேல் கிடந்த வெற்று அட்டைப்பெட்டியை மடக்கி ஓரமாக வைத்தாள்.

"தேவைப்படற அன்னைக்கு அது வரட்டும், அக்கா. இன்னைக்கு அந்தப் பொண்ணுக்குக் கண்ணு இருக்கு."