உப்பு கரைந்த துறை

கடற்கரையில் உப்பும் மலையடியில் நெல்லும் விளைந்து, இரண்டுக்கும் நடுவே பாலம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் நடந்தது இது. கேளுங்கள்.

உப்பு வணிகர்கள் வண்டி கட்டிக் கூட்டமாகப் போவார்கள். கூட்டத்துக்குத் தலைவன் ஒருவன். அது பிறப்பால் வருகிற பதவி அல்ல. எல்லோரும் கூடிக் கை தூக்கிக் கொடுப்பது. தலைவனின் மாடு ஆற்றில் கால் வைத்துவிட்டால் பின்னால் வரும் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. நின்றால் சக்கரம் மணலில் புதைந்துவிடும். அதனால் அப்படி ஒரு கட்டுப்பாடு.

ஏறன் நெடுங்காலம் தலைவனாக இருந்தான். ஒரு பெருவெள்ளத்தில் ஒரு மூட்டைகூட நனையாமல் கூட்டத்தைக் கரையேற்றியவன். அதை அவன் மறக்கவில்லை. மற்றவர்களையும் மறக்க விடவில்லை.

அந்த ஆண்டு கைகள் அவன் மைத்துனன் காரிக்கு உயர்ந்தன. ஏறனின் வயிற்றில் அன்று பற்றிய தீ அணையவே இல்லை.

அப்படி என்ன இருக்கிறது இவனிடம்? வழி நெடுக ஏறன் அவனையே கவனித்தான்.

ஓர் ஊரில் காரி தச்சனின் பட்டறையில் குந்தி, அச்சு முறியப் போவதை எப்படி அறிவது என்று கேட்டான். ஏறன் சிரித்தான்.

அடுத்த ஊரில் இடையனோடு நின்று மாட்டின் குளம்பில் நோய் பார்க்கக் கற்றான். ஏறன் காறித் துப்பினான்.

ஆற்றங்கரையில் காரி மீன் பிடிக்கும் பெண்களிடம் போனான்.

"தலைவர் வந்துட்டார் பாடம் படிக்க," என்று ஒருத்தி சிரித்தாள். "போன தடவை சொன்னது மறந்து போச்சா?"

"மறக்கலை அக்கா. ஆறு மாறியிருக்குமே."

இன்னொருத்தி வலையை உதறிக்கொண்டே சொன்னாள்: "ஐப்பசி வெள்ளம் பழைய துறையைக் குடைஞ்சு போட்டுடுச்சு. மேலே மருத மரத்துக்கு நேரே இறங்கு. முழங்கால் தண்ணிதான்."

புதர் மறைவில் நின்ற ஏறன் காதில் எல்லாம் விழுந்தது. பதவியைக் கண்டு எரிந்த அந்த மனிதன், படிப்பைக் கண்டு ஒருநாளும் எரியவில்லை.

கூட்டத்தின் நடுவே வந்து நின்றான். "தெரியாதவன்தானே கேட்பான்? நான் ஒருநாளாவது யாரிடமாவது வழி கேட்டதுண்டா?"

பாதிப் பேர் தலையாட்டி, அவன் பின்னால் வண்டி கட்டினார்கள். உப்பு நனையாமல் எவன் அக்கரை சேர்க்கிறானோ அவனே இனித் தலைவன் என்று பேச்சாயிற்று.

"மச்சான், பழைய துறை வேண்டாம்," என்றான் காரி. "என்னைத் திட்டிக்கொண்டேகூட வா. ஆனால் மருத மரத்துப் பக்கம் வா."

"உன் வண்டித் தடத்தில் என் மாடு நடக்காது."

பழைய துறையில் ஏறன் ஒரு கணம் தயங்கினான். தண்ணீர் கருத்துச் சுழன்றது. அந்தப் பெண் சொன்னது உண்மைதான் என்று தெரிந்தது. ஆனால் அது காரி கேட்டு வாங்கிய வழி. அதில் போய்ச் சேர்ந்தால் ஊர் யார் பெயரைச் சொல்லும்?

மாட்டை அதட்டி இறக்கினான்.

பின்னால் வந்தவர்கள் கட்டுப்பாட்டை மீறவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி, ஒன்றன்பின் ஒன்றாகக் குடைவில் சரிந்தார்கள். மருத மரத்துப் பக்கம் உப்பு நனையாமல் அக்கரை சேர்ந்திருந்த காரியின் ஆட்கள் ஓடி வந்து கயிறு வீசி மனிதர்களை இழுத்தார்கள், மாடுகளை இழுத்தார்கள். உப்பை இழுக்க எந்தக் கயிறும் இல்லை.

ஏறன் கரையில் ஈரத்தோடு உட்கார்ந்தான். அவனை நம்பி வந்தவர்கள் வெறும் கோணிகளைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

கீழே நீர் மொண்ட பெண் ஒருத்தி வாயில் வைத்துத் துப்பினாள்.

"ஆறு கரிக்குதே. எல்லாம் தெரிஞ்ச தலைவர் யாரோ இறங்கியிருக்கார் போல."

நேற்று வென்ற தலைவன் இன்று கற்பதை நிறுத்திவிட்டால், அதற்கு விலை கொடுப்பவர்கள் அவனை நம்பிப் பின்னால் வந்தவர்களே.