பேய்க்கணவாயின் வாசல்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் மங்கையர்க்கரசி. அவளுக்கு ஒரே ஓர் ஆசை. பேய்க்கணவாயை உயிரோடு பார்க்க வேண்டும். டிவியில் ஆக்டோபஸ் என்று காட்டுகிறார்களே, அதுதான். அதற்காகவே மன்னார் வளைகுடாக் கரைக்கு வந்து, ரெக்சன் என்பவனிடம் கடலுக்கடியில் நீந்தக் கற்றுக்கொண்டாள்.

ரெக்சனுக்கு அவள் மகன் வயதுதான். ஆனாலும் அவனை மாஸ்டர் என்றே கூப்பிட்டாள். அவன் அவளை சிஸ்டர் என்றான்.

படகு கிடையாது. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கரையிலிருந்தே நடந்து இறங்க வேண்டும். கழுத்தளவு தாண்டியதுமே பவளப்பாறைகள் தொடங்கிவிடும். கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம்கூடக் கேட்கும். மங்கையர்க்கரசி எதற்கும் நிற்கமாட்டாள். வார்டில் ஓடிய அதே ஓட்டம். பொந்து பொந்தாக எட்டிப் பார்ப்பதற்குள் காற்று தீர்ந்துவிடும். கரையேறி, இன்றைக்கும் இல்லை என்பாள். இருக்கிறது என்று மட்டும் சொல்வான் ரெக்சன்.

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கடலில் அது நிஜமாகவே இருக்கிறதா, இல்லை என்னைச் சும்மா அலைய விடுகிறீர்களா என்று கேட்டேவிட்டாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. சிலிண்டரை அவள் முதுகில் ஏற்றி வாரை இறுக்கினான்.

அன்று ஆழத்துக்குப் போகவில்லை. கரைக்குப் பக்கத்திலேயே ஒரு மொட்டைப் பாறைக்கு முன்னால் மணலில் மண்டியிட்டான். அவளையும் பக்கத்தில் இருத்தினான்.

பாறையில் பாசியைத் தவிர ஒன்றுமில்லை. அடியில் ஒரு பொந்து, அதன் வாசலில் கொஞ்சம் நண்டு ஓடுகள். அவளுக்குக் கால்கள் பரபரத்தன. எழப்போனாள். அவன் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினான். வேறு வழியில்லாமல் அசையாமல் இருந்தாள். மூச்சு மெல்ல அடங்கியது. ஒரு திருக்கை மணலை உதறிக்கொண்டு அவளை ஒட்டிப் போயிற்று. குட்டி மீன்கள் வந்து அவள் தலைமுடியைக் கொத்திப் பார்த்தன.

அப்போது பாறையின் ஒரு பக்கம் நிறம் மாறியது. பாசி என்று அவள் நினைத்திருந்த இடத்தில் ஒரு கண் திறந்திருந்தது.

பேய்க்கணவாய் நிதானமாக ஒரு கையை நீட்டி, நாடி பார்ப்பதுபோல அவள் விரலைப் பிடித்தது. அவளுக்கு வந்த சிரிப்பில் வாய்க்குள் கடல் புகுந்துவிட்டது.

கரையேறியும் சிரிப்பு நிற்கவில்லை. விரலில் வட்ட வட்டமாகச் சிவந்திருந்த தடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தனை நாளா இது எங்க இருந்துச்சு மாஸ்டர்?"

"அங்கதான் சிஸ்டர். தினமும் நீங்க அது வாசலைத் தாண்டித்தான் போனீங்க."

"அப்புறம் ஏன் இன்னைக்கு மட்டும் வெளிய வந்துச்சு?"

ரெக்சன் ஈரச் சட்டையைப் பிழிந்து உதறினான்.

"இன்னைக்குத்தான் அதுக்கு உங்களைப் பாக்க முடிஞ்சுது."