பாலத்துக்கு அந்தப் பக்கம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. எங்க தொகுதியில் தொடர்ந்து நாலு தேர்தல் ஜெயித்த எம்.எல்.ஏ. தணிகாசலம், அஞ்சாவது தடவையும் ஓட்டுக் கேட்டு ஜீப்பில் கிளம்பினார். போன தெருவெல்லாம் பொம்பளைங்க காலிக்குடத்தோடு மறித்துக்கொண்டார்கள். "தண்ணிக்குழாய் எங்கய்யா?"

அந்தக் கோபம் டிரைவர் மாசிலாமணி மேலே பாய்ந்தது. "என்னைத் திட்டாத தெருவாப் பாத்து ஓட்டுடா. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே!"

மாசிலாமணி பாலத்தைத் தாண்டி ஒரு தெருவில் நிறுத்தினார். அங்கே சனங்க சிரித்த முகமாகச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். தணிகாசலத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"இத்தனை வருஷமா இந்தத் தெருவை ஏண்டா எனக்குக் காட்டல?"

"இது பக்கத்துத் தொகுதிங்கய்யா. இங்க நீங்க ஒரு தடவைகூட ஜெயிக்கலையே" என்று சொல்லிக்கொண்டே மாசிலாமணி ஜீப்பைக் கிளப்பினார்.