முள்மரத்தடியில் ஒன்பது டாங்கிகள்

அன்று மணல்மேட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். படைக்கு மறைந்திருக்கக் கற்றுத்தரும் மேஜர் குழலி. அவரிடம் பயிலும், அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த டாங்கிப் படை சுபேதார் பெரியண்ணன். ட்ரோன் ஓட்டும் நாயக் செங்கோடன். டீ கொண்டுவந்த சமையல்காரர் மாடக்கண்ணு.

"மேடம், டாங்கியோட காலம் முடிஞ்சுபோச்சா?" என்று பெரியண்ணன் கேட்டார்.

குழலி டீயைக் குடித்தார்.

காலையில்தான் ஒத்திகை முடிந்திருந்தது. பெரியண்ணன் ஒன்பது டாங்கிகளை முள்மரங்களுக்கு அடியில் வலை போட்டு ஒளித்திருந்தார். செங்கோடனின் ட்ரோன் ஒன்பதையும் கண்டுபிடித்து, ஒவ்வொன்றின் மேலும் குண்டுக்குப் பதிலாக ஒரு சுண்ணாம்புப் பொட்டலம் போட்டது.

நாளை இன்னொரு முறை. அதிலும் பாதிக்கு மேல் மிஞ்சாவிட்டால், டாங்கிகளைக் கிடங்குக்கு அனுப்பும்படி குழலி மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும். பெரியண்ணனின் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

பெரியண்ணனை அரித்தது அது மட்டுமல்ல. போன வருஷம்வரை குழலி பாடத்தில் உதாரணம் காட்டியதெல்லாம் பெரியண்ணனைத்தான். இன்று, "நல்ல கண்" என்று செங்கோடனைச் சொன்னார். முதல் டம்ளரும் செங்கோடனுக்குத்தான் போனது. கூடவே இரண்டு வடை. பெரியண்ணனுக்கு ஒன்று.

"சுபேதார் சார், உங்க வண்டியெல்லாம் திருநீறு பூசின மாதிரி இருக்கு. அப்படியே காசிக்கு அனுப்பிடலாம்" என்றார் மாடக்கண்ணு.

செங்கோடன் சிரிக்கவில்லை. அதுவும் பெரியண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

உட்கார்ந்த இடத்தில் விரலை ஆட்டுகிறவனுக்குப் பெயர், கொதிக்கிற இரும்புக்குள் முப்பது வருஷம் கிடந்தவனுக்கு ஒன்றுமில்லையா என்று அவர் குழலியிடம் முறையிட்டார். அவனுக்கு இருப்பது கண் அல்ல, விலை உயர்ந்த கேமரா என்றார்.

பொட்டலம் விழுவதற்கு முன் ட்ரோன் எடுத்த படத்தைத் திரையில் போடச் சொன்னார் குழலி. திரையை வாங்கிப் பெரியண்ணனின் மடியில் வைத்தார்.

"உங்க டாங்கிகளைக் காட்டுங்க."

பெரியண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு பீரங்கிக் குழல்கூடத் தெரியவில்லை. முகம் மலர்ந்தது.

"ஒண்ணுகூடத் தெரியலையே மேடம்."

"வேற என்ன தெரியுது?"

சாலையிலிருந்து மணலில் ஒன்பது கோடுகள் கிளம்பின. நேராக, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில். ஒவ்வொன்றும் ஒரு முள்மரத்தில் போய் முடிந்தது. டாங்கிகளை வரிசை பிசகாமல் ஓட்டும்படி தன் ஆட்களை அவரே திட்டித் திட்டிப் பழக்கியது.

"இதுல செங்கோடன் போட்ட கோடு எது?" என்று குழலி கேட்டார்.

பெரியண்ணன் திரையைத் திருப்பிக் கொடுத்தார்.

"உனக்கென்னப்பா. நாளைக்கும் உனக்குத்தான் பாராட்டு" என்று மட்டும் செங்கோடனிடம் சொன்னார்.

செங்கோடன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"காலாட்படைக்காரங்க எல்லாம் உங்க வண்டிக்குப் பின்னாலதான் பதுங்கிப் போறாங்க சார். எனக்குப் பின்னால இதுவரைக்கும் ஒருத்தரும் நடந்ததில்ல. அதைப் பார்க்கிறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியும்."

பெரியண்ணன் குழலியிடம் திரும்பினார்.



"மேடம், நாளைக்கு இவரை என் பக்கம் தருவீங்களா? தேடுறதுக்கு வேற யாரையாவது அனுப்புங்க."

"தடை ஒண்ணும் இல்ல" என்றார் குழலி. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

அப்போதே வேலை தொடங்கியது. டாங்கிகள் பழைய வண்டித் தடத்திலேயே கோணல்மாணலாகப் போயின. பின்னால் முள்கட்டுகளை இழுத்து மணலைக் கலைத்தார்கள். வெறும் புதர்களுக்கும் தடம் போட்டார்கள். செங்கோடன் மேலிருந்து பார்த்து, இங்கே தெரிகிறது, அங்கே தெரிகிறது என்று சொல்லச் சொல்ல, பெரியண்ணன் ஒவ்வோர் இடமாக ஓடினார். இரண்டு இடங்களில் மட்டும், அதெல்லாம் மேலிருந்து தெரியாது என்று சாதித்தார்.

மறுநாள் வேறு படைப்பிரிவின் ட்ரோன்கள் தேட வந்தன. வெறும் புதர்கள்மேல் நிறையச் சுண்ணாம்பு விழுந்தது. பெரியண்ணன் சாதித்த இரண்டு டாங்கிகளும் அகப்பட்டன. வேறு இரண்டும் அகப்பட்டன.

மிஞ்சியவை ஐந்து.